கொசுறுக்குக் கட்டமில்லை

பத்து எழுத்தில் எனக்கொரு குறியீடு வந்த நாளில்
வெங்கமேட்டு வீட்டு மாடியறை
ஏற்றுமதி நிறுவனம் ஆயிற்று.
கட்டிலை ஒருபக்கம் தள்ளித் தராசு வைத்தோம்.
செருப்புக் கழற்றுகிற படியில்
அட்டைப் பெட்டிகள்.

எஸ்தோனியா என்றொரு நாடு, தார்து என்றொரு ஊர்,
காட்ரின் என்றொருத்தி
பன்னிரண்டு அடுப்படித் துண்டு கேட்டிருந்தாள்,
நீலக் கட்டம் போட்டது.
ஒன்று முந்நூற்று இருபத்தைந்து.
ஆக மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
அதைக் கூட்டி முடிப்பதற்குள்
என் கை பதிமூன்றாவதை மடித்துவிட்டது.

யாரும் சொல்லித் தரவில்லை.
உழவர் சந்தையில் தக்காளி நிறுக்கிற பழனாள்
தட்டு நேராய் நின்ற பிறகும்
ஒன்றை எடுத்து மேலே போடுவாளே,
முள் கொஞ்சம் சாயுமே,
அது இல்லாமல் பை நிறைந்ததாக
கரூரில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

தபால் நிலைய ஏற்றுமதி மையத்தில்
குழந்தைவேலு சார் எண்ணிப் பார்த்தார்.
"படிவத்துல பன்னெண்டு,
பொட்டியில பதிமூணு இருக்குதுங்களே?"
"ஒண்ணு கொசுறுங்."
திரையை என் பக்கம் திருப்பினார்.

சரக்கின் பெயர். வகை எண். எடை. மதிப்பு.
விற்பனையா, அன்பளிப்பா, மாதிரியா?
விற்பனைதான், ஆனால் விற்கவில்லை.
அன்பளிப்புத்தான், ஆனால் அவள் யாரோ.
மாதிரி என்றால், பதிமூன்றும் ஒரே மாதிரி.
மதிப்பில் பூஜ்ஜியம் அடித்தேன்.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
பூஜ்ஜியம் ஏற்கப்படாது.

எனக்குப் பின்னால் கொசுவலைக்காரர் செருமினார்.
"எதையாச்சும் போட்டு உடுங் அம்மிணி,
பஸ்ஸுக்கு நேரமாவுது."
நாற்பது ரூபாய் என்று போட்டேன்.
பெட்டி போய்விட்டது.

ஏழு மாதம் கழித்து வங்கியிலிருந்து கடிதம்.
அனுப்பிய சரக்குக்கு வரவேண்டிய அயல்நாட்டுப் பணத்தில்
நாற்பது ரூபாய் இன்னும் வரவில்லை,
கெடு நெருங்குகிறது.

"நானே கட்டீர்றனுங்" என்றேன்.
"உங்க பணம் செல்லாது மேடம்.
அந்த லேடி அங்கேயிருந்து அனுப்பணும், யூரோவில்."
அனில்குமாருக்குப் பாலக்காடு.
"கொசுறு எனக்கு மனசிலாயி.
சிஸ்டத்துக்கு மனசிலாகாது."

அன்று ராத்திரி தூக்கமில்லை.
காட்ரின் இந்நேரம்
கண்ணாடித் தம்ளர் துடைத்துக்கொண்டிருப்பாள்.
கையிலிருக்கிற துணியில்
இந்தியாவுக்கு நாற்பது ரூபாய் பாக்கியென்று
அவளுக்கு யார் சொல்வது?

காரணம் எழுத ஒரு கட்டம் தந்தார்கள்.
ஐம்பது எழுத்துக்கு மேல் ஏறாது.
எங்கள் பக்கம் வாங்குகிறவர் கை வெறும் கணக்கோடு போக
என்பதோடு நின்றுவிட்டது.
போகக் கூடாது என்று முடிக்க விடவில்லை.
கடைசியில் தள்ளுபடி மனு, மூன்று தாள், ஆறு கையெழுத்து,
ஜெராக்ஸ் கடையில்
நாற்பத்திரண்டு ரூபாய்.

ஐப்பசியில் மறுபடி அவளேதான், அதே நீலக் கட்டம்.
இந்தமுறை தெளிந்துவிட்டேன்.
இணையக் கடையில் 'பதிமூன்று துண்டு கொண்ட கட்டு' என்று மாற்றி
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தைப் பதிமூன்றால் வகுத்தேன்.
முந்நூறு.
மீதியில்லை.
எல்லாக் கட்டத்திலும் பச்சைக் குறி.
குழந்தைவேலு சார் எண்ணினார், ஒத்துப்போனது,
முத்திரை குத்தப் போனவர் நிமிர்ந்து
"ஏனுங், இந்தக்கா கொசுறு வெக்கலீங்களா?" என்றார்.
"இல்லீங்" என்றேன்,
ஏதோ திருடின மாதிரி இருந்தது.

சாயங்காலம்
அடுத்த பெட்டிக்கு மடித்துக்கொண்டிருந்தேன்.
பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று.
நாடாவைப் பல்லில் கடித்து இழுத்தபடி
குனிந்து பார்த்தால்
கை
பதினாலாவதை எடுத்து
ஓரம் சேர்த்துக்கொண்டிருக்கிறது.